ஒரு பரல் எண்ணெயும் உரித்த கண்களும்

சங்கம் எனக்குத் தரவேண்டியிருந்தது இருநூற்றெழுபத்தைந்து ரூபாய் எழுபத்தைந்து சதம். சங்கக்கடை வளவுக்கு மூன்று பக்கமும் வேலி அடைத்த கூலி இருநூற்று நாற்பது. கயிறு வாங்கிய காசு முப்பத்தைந்து எழுபத்தைந்து. நாலாம் பக்கம் மதில் இருந்தபடியால் அந்தப் பக்கத்தில் சங்கம் எனக்குக் கடன்படவில்லை.

வேலி அடைத்தது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தை மாதம், சண்டையால் ஊருக்குக் கரண்டும் எண்ணெயும் ஒழுங்காக வராத காலம். மாசி முடிந்தும் காசு வரவில்லை. எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவருக்குக் காசு கொடுப்பதென்றால் மூன்று ஒப்பம் வேண்டும். தலைவர் வரும்போது மனேச்சர் இருக்கமாட்டார். மனேச்சர் இருக்கும்போது பொருளாளர் செத்தவீட்டுக்குப் போயிருப்பார். ஒருநாள் மூன்று பேரும் ஒன்றாக இருந்தார்கள். அன்றைக்குப் பேனையில் மை இல்லை.

கடைசியில் மனேச்சர் கனிசியஸ் ஒரு வழி சொன்னார்.

"காசைப் பாத்துக்கொண்டு இராதையும் தம்பிஐயா. வாற கிழமை மண்ணெண்ணெய்ப் பரல் வருகுது. காசுக்குப் பதிலா ரெண்டு போத்தல் எண்ணெய் தாறதெண்டு எழுதிவிடுறன். வெளியிலை போத்தல் நூற்றைம்பது போகுது. கணக்குப் பாத்தால் உமக்கெல்லோ லாபம்?"

நான் அந்த இடத்திலேயே ஒப்பம் வைத்தேன். அந்த நேரம் எனக்குக் காசைவிட எண்ணெய்தான் பெரிது. மூன்று பரப்புக் காணி குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்டிருந்தேன். காணிக்காரர் இறைப்பு மெசின் தருவார், எண்ணெய் தரமாட்டார். நாலு நாளைக்கு ஒருக்கால் தண்ணீர் காட்டவேண்டும். எண்ணெய் இல்லாததால் என் மனைவி பூரணமும் நானும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தோம். மூன்று பரப்புக்கு வாளியால் அள்ளி ஊற்றினால் வெங்காயம் தாங்கும், முதுகு தாங்காது. கிழங்கு பெருக்கிற நாட்களில் இரண்டு போத்தல் எண்ணெய் கையில் இருந்தால் மெசின் நாலு இறைப்பு ஓடும். நாலு இறைப்பு ஓடினால் வெங்காயம் வீட்டுக்கு வரும். ஓடாவிட்டால் குத்தகைக் காசு மட்டும் காணிக்காரர் வீட்டுக்குப் போகும்.

பரல் ஒரு புதன்கிழமை லொறியில் வந்தது. நாலு பேர் சேர்ந்து உருட்டி இறக்கினோம். இருநூற்றெண்பது போத்தல். ஊரில் பங்கீட்டு மட்டைகள் ஐந்நூற்றறுபது. மட்டைக்கு அரைப் போத்தல். கணக்கு இவ்வளவு வடிவாகப் பொருந்தியதைக் கண்டு சனம் அன்றைக்கே போத்தல்களோடு வந்து வரிசையில் நின்றது. முதல் ஆளாக நின்றது நாகேஸ்வரி. ஒழுங்கையின் முடிவில் தனியே இருந்து இடியப்பம் அவித்து விற்கிற மனிசி. போத்தலின் கழுத்தில் சணல் கட்டி விரலில் கொழுவியிருந்தாள்.

மனேச்சர் பரலோடு வந்த சுற்றறிக்கையை வாசித்தார். மட்டைகளின் பட்டியலைத் தலைமைச் சங்கம் சரிபார்த்து அனுமதி தரும்வரை எண்ணெய் பங்கிடக்கூடாது. அதுவரை பரலைக் கிளைச் சங்கம் காக்கவேண்டும். கடைசியில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. அதை மனேச்சர் வாசிக்கவில்லை. தலைவரிடம் நீட்டினார்.

தலைவர் அருளம்பலம் மாஸ்டர் முப்பத்தொரு வருசம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து இளைப்பாறியவர். இளைப்பாறிய பிறகு அவருக்கு ஆங்கிலம் கதைக்க ஆள் கிடைக்கவில்லை. சுற்றறிக்கையைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து ஒருமுறை, எட்டப் பிடித்து ஒருமுறை வாசித்தார். முகம் மலர்ந்தது.

"'கீப் யுவர் ஐஸ் பீல்ட்!'" என்றார். "எல்லாரும் இருங்கோ."

இருக்கக் கதிரை இல்லை. நிலத்தில் இருந்தோம்.

"இதின்ரை கருத்து உங்களிலை ஒருதருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதாலைதான் நான் தலைவர். பீல் எண்டால் உரிக்கிறது. வாழைப்பழம் உரிக்கலாம். பனங்கிழங்கு உரிக்கலாம். கண்ணை என்னெண்டு உரிக்கிறது? கண்ணுக்குத் தோல் எது? சொல்லுங்கோ பாப்பம்."

மாஸ்டரே தன் கண்ணை மூடித் தொட்டுக் காட்டினார்.

"இமை! அந்தத் தோலை உரிச்சுத் தள்ளி வைச்சிட்டுப் பாக்கவேணும். கவனமா இரு, விழிப்பா இரு எண்டு கருத்து. அது கருத்து. இனிப் பயன்பாடு. பாறை வருகுதோ எண்டு பாக்கிற கப்பல்காரனுக்குச் சொல்லலாம். மாடு குறுக்கை வருகுதோ எண்டு பாக்கிற றைவருக்குச் சொல்லலாம். பொம்பிளை பாக்கப் போற வீட்டிலை சொல்லக்கூடாது, அது மரியாதை இல்லை. சோதினை மண்டபத்திலை மேற்பார்வை செய்யிறவருக்குச் சொல்லலாம், எழுதுற பிள்ளையளுக்குச் சொல்லக்கூடாது."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "மாஸ்டர், வெங்காயம் உரிச்சால் கண்ணாலை தண்ணியெல்லோ வரும். பிறகு என்னத்தைப் பாக்கிறது?"

"அந்தத் தண்ணிக்குப் பேர் கடமை உணர்ச்சி," என்றார் மாஸ்டர்.

"உது கிடக்கட்டும், எண்ணெய் எப்ப தருவியள்?" என்று நாகேஸ்வரி கேட்டாள்.

"கண் உரிச்சு முடியத் தருவம்," என்றார் மனேச்சர்.

அன்றைக்கே கூட்டம் வைத்து விழிப்புக் குழு ஒன்று அமைத்தார்கள். தலைவர் அருளம்பலம் மாஸ்டர். செயலாளர் கனிசியஸ். விழிப்பவர் நான்.

"நானோ?" என்றேன்.

"உமக்கு ரெண்டு போத்தல் வரவேண்டிக் கிடக்கு. இந்த ஊரிலை பரலிலை உண்மையான அக்கறை உள்ள ஆள் நீர்தான்," என்றார் மனேச்சர்.

"அப்ப அந்த ரெண்டையும் இப்ப தந்தியள் எண்டால் நான் தோட்டத்துக்குப் போயிடுவன்."

மனேச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "முழுப் பரல் கிடைச்சது எண்டு ஒப்பம் வைச்சிட்டன் தம்பிஐயா. ரெண்டு போத்தல் எடுத்தால் அது முழுப் பரலோ? என்னைப் பொய்யன் ஆக்கப் பாக்கிறீரோ? இஞ்சை நிண்டீர் எண்டால், திறக்கிற அண்டைக்கு முதல் ஆளா வாங்கலாம்."

அது நியாயமாகப் பட்டது. நான் நின்றேன்.

காவல் காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலரை வரை. இரவில் ஷெல் விழுகிற காலமாகையால் கள்ளரும் வெளியே வரமாட்டார்கள் என்று ஏகமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். கள்ளருக்கு இந்தத் தீர்மானத்தை யாரும் அறிவித்தார்களோ தெரியாது. ஆனால் ஒருவரும் வரவில்லை.

முதல் நாளே பரல் வைத்த அறையின் யன்னல் மாஸ்டரின் கண்ணில் பட்டது.

"யன்னலாலை நாங்கள் வெளியிலை பாக்கலாம். அதே யன்னலாலை வெளியிலை உள்ளவன் பரலைப் பாப்பான். அவன்ரை கண்ணும் உரிஞ்சிருந்தால்?"

என்னைக் கொண்டே கல் வைத்து யன்னலை அடைப்பித்தார்கள். அதற்குக் கூலி இல்லை, அது சிரமதானம். அடைத்து முடிந்ததும் அறை பட்டப்பகலில் கும்மிருட்டாகியது. பரல் தெரியவில்லை. தெரியாத பரலைப் பார்த்துக்கொண்டிருப்பது விழிப்பு ஆகுமா என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். ஆகாது என்று முடிவாயிற்று. ஆகவே ஒரு அரிக்கன் லாம்பு வாங்கினார்கள். லாம்புக்கு எண்ணெய் வேண்டும். ஊரில் எண்ணெய் இருந்த இடம் ஒன்றுதான்.

"பங்கிடத்தானே கூடாது எண்டு போட்டிருக்கு," என்று மாஸ்டர் சுற்றறிக்கையை விரலால் தட்டினார். "காக்கிறதுக்குப் பாவிக்கக்கூடாது எண்டு எங்கை போட்டிருக்கு?"

பரலைத் திறந்தார்கள். நான் முதல் ஆளாக என் போத்தலை நீட்டினேன்.

"இது திறக்கிறது இல்லை தம்பிஐயா," என்றார் மனேச்சர். "இது காவல் செலவு."

மூன்றாம் நாள் மாஸ்டர் ஒரு கதிரையைப் போட்டு என் முன்னால் இருந்து அரைமணித்தியாலம் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழும்பி மனேச்சரிடம் சொன்னார்: "உவன் இமைக்கிறான்."

"எல்லாரும் இமைக்கிறதுதானே மாஸ்டர்," என்றேன்.

"நிமிசத்துக்குப் பன்னிரண்டு தரம் இமைக்கிறாய். ஒரு நாளைக்கு எட்டரை மணித்தியாலம் காவல். எல்லாத்தையும் கூட்டிப் பார். ஒரு நாளிலை கிட்டத்தட்ட அரை மணித்தியாலம் இந்தப் பரலை ஒருதரும் பாக்கேல்லை!"

அதனால் இரண்டாவது விழிப்பவராக முத்துக்குமாரு வந்தான். அவனுக்குச் சங்கம் தரவேண்டியது ஒரு தேங்காய் மூட்டை ஏற்றிய கூலி. ஒருவன் இமைக்கும்போது மற்றவன் விழித்திருக்கவேண்டும் என்பது விதி. இமைக்க முதல் வாயால் அறிவிக்கவும் வேண்டும்.

"அண்ணை, நான் இமைக்கப்போறன்."

"ஓம், இமை. நான் பாக்கிறன்."

"இமைச்சிட்டன். இனி நீ."

மத்தியானத்துக்குள் தொண்டை வறண்டுபோகும். மூன்று மணியளவில் முத்துக்குமாருவுக்கு விசர் பிடிக்கும். "அண்ணை, உந்தப் பரல் எங்களைப் பாத்துச் சிரிக்குது," என்பான். இமைப்புகளை எழுத ஒரு கொப்பி தந்தார்கள். எழுதக் குனிந்தால் பரலைப் பார்க்கமுடியாது. ஆகவே கொப்பியைப் பரலுக்கு மேலே வைத்து எழுதும்படி திருத்தம் வந்தது. எழுத வெளிச்சம் காணாது. இரண்டாவது லாம்பு வந்தது.

இரண்டு லாம்பும் முன்பக்கம் நின்றதால் பரலுக்குப் பின்னால் நிழல் விழுந்தது. நிழலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? பின்பக்கம் இரண்டு லாம்பு. அப்போது பக்கங்களில் இருட்டு. அதற்கும் இரண்டு. ஆறு லாம்பு எரிந்த பிறகு கூரை மூலைகள் இருட்டாக இருப்பது தெரிந்தது. ஆறு லாம்பும் இல்லாமல் இருந்தால் அது தெரிந்திருக்காது என்று மாஸ்டர் பெருமையாகச் சொன்னார். இரண்டு பெற்றோல்மாக்ஸ் வாடகைக்கு எடுத்தார்கள். அறைக்குள் இருந்த சூட்டில் நானும் முத்துக்குமாருவும் அவிந்த பனங்கிழங்கு மாதிரி இருந்தோம்.

பூரணம் சோறு கொண்டு வருவாள். வாசலில் நின்று கையால் கண்ணை மறைத்துக்கொள்வாள்.

"என்னப்பா, திருவிழாவோ உள்ளுக்கு?"

"காவல்."

"வெங்காயத் தாள் நுனி மஞ்சள் பிடிச்சிட்டுது. எனக்குக் கை ரெண்டும் கழண்டுபோச்சு. உங்கடை கண்ணை வேணுமெண்டால் இஞ்சை வைச்சிட்டு, காலையும் கையையும் தோட்டத்துக்குக் கொண்டு வாருங்கோ."

"நாளைக்கோ நாளையிண்டைக்கோ அனுமதி வந்திடும். முதல் ஆளா வாங்கிக்கொண்டு வாறன்."

"வாங்கிக்கொண்டு வந்து உதாலை வெங்காயத்துக்குக் கொள்ளி வையுங்கோ," என்றாள்.

அனுமதி வாங்குவதற்காக மனேச்சர் கிழமைக்கு இரண்டுதரம் தலைமைச் சங்கத்துக்குப் போய்வந்தார். மோட்டார் சைக்கிளில்தான். பெற்றோல் இல்லாத காலம், எல்லா மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடியது. ஒரு பயணத்துக்கு மூன்று போத்தல். அதுவும் காவல் செலவுதான். பரலைக் காக்கிறோம் என்பதைச் சொல்லத்தானே போகிறார்?

அளவு குறைவதைத் தலைமைச் சங்கம் கவனித்தது. ஏன் குறைகிறது என்று கேட்டுக் கடிதம் வந்தது. பதில் கொண்டுபோக மூன்று போத்தல். பதில் விளங்கவில்லை என்று மறுகடிதம். விளங்கப்படுத்த மூன்று போத்தல். தினமும் காலையும் மாலையும் ஒரு பூவரசம் தடியைப் பரலுக்குள் விட்டு அளக்கச் சொன்னார்கள். தடி குடித்த எண்ணெயைத் துணியால் துடைத்தோம். துணியைச் சாட்சிக்காகச் சாக்கில் கட்டி வைத்தோம். மூன்று கிழமையில் சாக்கைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சனம் ஒவ்வொரு நாளும் வந்து போத்தலோடு நின்றுவிட்டுப் போனது. பிறகு கிழமைக்கு ஒருநாள் வந்தது. கடைசியில் நாகேஸ்வரி மட்டும் வந்தாள்.

"மனேச்சர், நான் மூண்டு கிழமையா இருட்டுக்கை மாக் குழைக்கிறன். இடியப்பத்துக்குள்ளை என்ன கிடக்கெண்டு எனக்கே தெரியேல்லை, வாங்கிறவனுக்கும் தெரியேல்லை. உங்கை உள்ளுக்கு எட்டு விளக்கு எரியுது."

"உங்கடை எண்ணெயைக் காக்கத்தானே அக்கா எரியுது!"

"எரிச்சுக் காக்கிறியளோ?" என்றாள் அவள். மனேச்சர் அதைக் குறை கேட்கும் கொப்பியில் பாராட்டு என்று எழுதினார்.

இருபத்தாறாம் நாள் காலை தடியை விட்டேன். அடியில் ஒரு விரற்கடை ஈரம். முத்துக்குமாரு பரலைச் சரித்தான். கணக்குப் பார்த்தோம். மூன்று போத்தல், அதற்கு மேல் இல்லை.

"மாஸ்டர்," என்றேன், "அனுமதி வந்தாலும் இனி ஐந்நூற்றறுபது மட்டைக்குக் குடுக்க ஏலாது. என்ரை ரெண்டையும் தாங்கோ. மிச்சம் ஒரு போத்தலைச் சாமிக்கு விளக்கு வையுங்கோ."

"பரிசோதகர் இண்டைக்கு வாறார். அவர் பாக்கட்டும். பாத்தவுடனை உனக்குத்தான். நான் வாக்குத் தாறன்," என்றார் மாஸ்டர். முதல்முறையாக அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் பூரணத்துக்கு ஆள் அனுப்பினேன். அவள் புனலும் இரண்டு வெறும் போத்தலும் கொண்டு வந்து வாசலில் நின்றாள். நாகேஸ்வரியும் செய்தி கேட்டுத் தன் சணல் கட்டிய போத்தலோடு வந்துவிட்டாள்.

தலைமைச் சங்கத்துப் பரிசோதகர் பதினொரு மணிக்கு ஒரு பழைய காரில் வந்தார். கார் படலைக்கு வெளியே நாலு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. நாங்கள் உள்ளே தள்ளினோம். இறங்கி, வியர்வையைத் துடைத்து, முதல் கேள்வியாக அவர் கேட்டது:

"பரலிலை எவ்வளவு கிடக்கு?"

"மூண்டு போத்தல், சேர்."

"நான் திரும்பிப் போக மூண்டு போத்தல் வேணும். முதலிலை அதைக் காருக்கு விடுங்கோ. பிறகு பரலைப் பாக்கிறன்."

"சேர், முதல் பாருங்கோவன்," என்றேன். "பாத்தால் பிறகு அதிலை ரெண்டு எனக்கு..."

"அதெப்பிடி? நான் மூண்டு எண்டு எழுதிப்போட்டுப் பிறகு எடுத்தால் என்ரை அறிக்கை பிழையாப் போகும். எடுத்துப்போட்டுப் பாத்தால் அறிக்கை சரி."

மூன்று போத்தலும் காருக்குள் போனது. பூரணம் என்னைப் பார்த்தாள். நான் பரலைப் பார்த்தேன். பரிசோதகர் பரலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார், விரலால் தட்டினார். கோயில் மணி மாதிரிக் கேட்டது. இமைப்புக் கொப்பி, லாம்புக் கொப்பி, பயணக் கொப்பி மூன்றையும் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் கனிந்தது. கூட்டம் கூட்டச் சொன்னார்.

"நான் எத்தினையோ சங்கத்துக்குப் போறன்," என்று தொடங்கினார். "எல்லா இடமும் குழப்பம். இஞ்சை பாருங்கோ! இருநூற்றெண்பது போத்தல். ஒரு சொட்டுக் களவு போகேல்லை. எல்லாம் பற்றுச்சீட்டோடை போயிருக்கு. இன்னொரு ஊரிலை பரல் வந்த அண்டே பங்கிட்டவை. என்ன நடந்தது? பின்னேரத்துக்கிடையிலை முழு எண்ணெயும் சனத்தின்ரை கையுக்குப் போயிட்டுது! பொறுப்பெண்டு ஒண்டு வேண்டாமோ?"

மாஸ்டர் கை தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்த விழிப்புக்காக இந்தக் கிளைக்கு வாற மாதம் ரெண்டு பரல் அனுப்பப்போறம். காக்கிறதுக்கு."

மனேச்சர் எழும்பி நன்றி சொன்னார். பிறகு ஒரு கடதாசியை எடுத்தார். "கடைசியா, தம்பிஐயாவின்ரை விசயம். அவருக்குச் சங்கம் தரவேண்டியது காசு இல்லை, ரெண்டு போத்தல் எண்ணெய். அதை அவரே ஒப்பம் வைச்சு ஒத்துக்கொண்டவர். அந்தப் பரலிலை எண்ணெய் இல்லை. ஆகவே சங்கத்துக்குக் கடனும் இல்லை. தள்ளுபடி."

"ஆதரிக்கிறன்," என்றார் பொருளாளர். அன்றைக்குப் பேனையில் மையும் இருந்தது. மூன்று ஒப்பமும் ஒரே தடவையில் விழுந்தது.

பூரணம் வாசலில் நின்றபடி மெதுவாகச் சொன்னாள்: "எழும்பி வாங்கோ, வாளி கிடக்கு." அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் எழும்பினேன். அறைக்குள் எட்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் வெறும் பரல். இருபத்தாறு நாளும் பரலையே பார்த்துப் பழகியதால் விளக்குகளை நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். காலையில் நானே அவற்றுக்கு எண்ணெய் விட்டிருந்தேன். பரிசோதகரிடம் திரும்பி வந்தேன்.

"சேர், ஒரு விளக்கம் கேக்கலாமோ? லாம்புக்கு விட்ட எண்ணெய் எந்தக் கணக்கு?"

"செலவு. விட்ட நிமிசமே செலவு."

"எரிஞ்ச பிறகோ, எரிய முதலோ?"

"கொப்பியிலை எழுதின பிறகு. செலவெண்டு எழுதினால் அந்த எண்ணெய் இல்லை."

"அப்ப அது சங்கத்தின்ரை இல்லையோ?"

பரிசோதகர் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார். "இல்லாத சாமான் எப்பிடிச் சங்கத்தின்ரை ஆகும்?"

"அதை ஆரும் எடுத்தால்?"

"இல்லாததை ஆர் எடுக்கிறது? அப்பிடி எடுத்ததா எழுத இடமே இல்லை."

"அதைக் கூட்டக் குறிப்பிலை எழுதிவிடுங்கோ சேர்."

மனேச்சர் எழுதினார். பரிசோதகர் ஒப்பம் வைத்தார்.

நான் அறைக்குள் போய் விளக்குகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தேன். ஒவ்வொன்றாக வெளியே கொண்டு வந்து, குழு முழுவதும் பார்த்திருக்க, மூடியைத் திருகிக் கழற்றினேன். பூரணம் போத்தலைப் பிடித்தாள். முத்துக்குமாரு புனலைப் பிடித்தான். மாஸ்டர் ஒரு இமைகூடத் தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மனேச்சர் இரண்டுதரம் வாயைத் திறந்தார். கொப்பியைப் பார்த்துவிட்டு மூடினார். பரிசோதகர் வானத்தைப் பார்த்து மழை வருமோ என்று கேட்டார்.

ஆறு அரிக்கன் லாம்பும் இரண்டு பெற்றோல்மாக்ஸும் சேர்ந்து இரண்டேகால் போத்தல் வந்தது. அதில் அரைப் போத்தலை நாகேஸ்வரியின் போத்தலுக்குள் விட்டேன். அவள் அதைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"மட்டையிலை என்ரை பங்கை வெட்டவேணுமோ, மனேச்சர்?" என்று கேட்டாள்.

"என்னத்தை?" என்றார் மனேச்சர்.

எனக்கு மிஞ்சியது ஒன்றேமுக்கால். அடுத்த நாள் விடியக் காணிக்காரரின் மெசின் மூன்றாவது இழுவையில் பிடித்தது. தண்ணீர் முதல் பாத்தியிலிருந்து இரண்டாம் பாத்திக்குத் திரும்பும்போது பூரணம் வரம்பில் குந்தியிருந்து தன் உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்தாள்.

சங்கம் எனக்குத் தரவேண்டிய மிச்சக் கால் போத்தலை நான் அங்கேயே நின்று தள்ளுபடி செய்தேன். அதற்கு ஒரு ஒப்பம் போதுமாக இருந்தது.